மூன்று முறை கயிறு: நைஜல் மெக்கின்னஸின் மோதல்கள்

தொழில்முறை மல்யுத்த வீரர் நைஜல் மெக்கின்னஸின் மோதல்களில் சிறந்தது எது என்று அவருடைய ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 2006 ஆகஸ்ட் 12, லிவர்பூல் ஒலிம்பியா அரங்கு, எதிரே பிரையன் டேனியல்சன். அமெரிக்காவின் ரிங் ஆஃப் ஹானர் நிறுவனம் தன் இரண்டு பட்டங்களை அன்று ஒன்றாக்கியது. உலகப் பட்டம் டேனியல்சனிடமும் ‘ப்யூர்’ பட்டம் மெக்கின்னஸிடமும் இருந்தன. டேனியல்சன் வென்றார், மெக்கின்னஸ் நெற்றியில் ரத்தம் வழியத் தோற்றார். பட்டியல் போடும் எந்த ரசிகரும் இதை விடுவதில்லை. பலர் முதலிடமே தருகிறார்கள். நான் தர மறுக்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

டபிள்யூ.டபிள்யூ.ஈ.யை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மெக்கின்னஸ் ஒரு வர்ணனையாளராகத்தான் தெரிந்திருப்பார். 1976இல் லண்டனில் பிறந்தவர். 1992இல் வெம்ப்ளி அரங்கில் பிரிட்டிஷ் புல்டாக் தன் சொந்த மண்ணில் பிரெட் ஹார்ட்டை வென்றபோது கூட்டத்தில் இருந்த இளைஞர்களில் இவரும் ஒருவர். பிறகு அமெரிக்கா போய், சின்சினாட்டியில் லெஸ் தாட்சரிடம் தொழில் கற்றார். ஆனால் களத்தில் அவர் காட்டியது பழைய இங்கிலாந்தை. ஐ.டி.வி.யில் சனிக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பாகி 1988இல் நின்றுபோன அந்த மல்யுத்தத்தில் சுற்றுகள் உண்டு, நடுவரின் எச்சரிக்கைக்கு மதிப்பு உண்டு. மணிக்கட்டைப் பிடித்தால் மறுகணம் உருண்டு, புரண்டு, விடுவித்துக்கொண்டு எதிராளியின் மணிக்கட்டைத் திருப்பிப் பிடிப்பார்கள். ஜானி செயின்ட் போன்றவர்கள் இதை ஒரு நேர்த்தியான கலையாகவே வளர்த்தார்கள். அந்தக் கலை தொலைக்காட்சியிலிருந்து மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ஒஹாயோவிலும் நியூஜெர்சியிலும் சின்ன அரங்குகளில் அமர்ந்திருந்த அமெரிக்க இளைஞர்கள் அதை ரசித்தார்கள் என்றால் அதில் மெக்கின்னஸின் பங்கு பெரியது.

முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட சண்டையில் எது சிறந்தது என்று எப்படித் தரம் பிரிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கர்ணன் சாவான் என்று தெரிந்தே விடிய விடிய உட்கார்ந்து கர்ணமோட்சம் கூத்துப் பார்ப்பவருக்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. யார் வெல்வார் என்பது அங்கே பொருட்டல்ல. அந்த முடிவுக்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள், நம்மை எவ்வளவு நம்ப வைக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

ரசிகர்கள் பட்டியல் போடும் வழக்கத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ரிங் ஆஃப் ஹானருக்கு 2009 வரை வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி கிடையாது. சில நூறு பேர் கூடிய அரங்கில் நடந்ததை டிவிடியாக்கித் தபாலில் விற்றார்கள். எந்த டிவிடியை வாங்குவது என்று அறிய ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான் வழி. பெரிய நிறுவனங்களின் வரலாற்றை அந்த நிறுவனங்களே எழுதிக்கொள்கின்றன. சுயேச்சைக் களத்தின் வரலாற்றை எழுதியவர்கள் ரசிகர்கள். அவர்களுடைய பட்டியல்கள் இல்லாவிட்டால் மெக்கின்னஸின் பாதி வாழ்க்கை யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

ஆனால் பட்டியலுக்கு ஒரு கண்தான் இருக்கிறது. நீளமானது, ரத்தம் சிந்தியது, பட்டம் கைமாறியது, கூட்டம் எழுந்து நின்றது ஆகியவை அதற்கு உடனே தெரிகின்றன. ஒரு மோதலை அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றிலிருந்து பிய்த்து எடுத்துத் தனியே எண் போடுகிறது. மெக்கின்னஸைப் போல மாதக்கணக்கில் ஒரே எண்ணத்தை வளர்த்தெடுத்த கலைஞருக்கு இது பெரிய அநியாயம்.

அந்த எண்ணம் எது என்று தெரிய ‘ப்யூர்’ பட்டத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். வழக்கமான மல்யுத்தத்தில் பிடியில் சிக்கியவர் கயிற்றைத் தொட்டுவிட்டால் எதிராளி பிடியை விட்டாக வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம். ப்யூர் விதியில் ஒருவருக்கு மூன்று முறைதான். மூன்றும் தீர்ந்தபின் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினாலும் விடுதலை இல்லை. முஷ்டியை மடக்கி முகத்தில் குத்தக் கூடாது. முக்கியமாக, வெளியே விழுந்து குறித்த எண்ணிக்கைக்குள் ரிங்குக்குத் திரும்பாமல் தோற்றாலும் பட்டம் கைமாறும். மற்றப் பட்டங்களுக்கு அப்படி இல்லை.

2005 ஆகஸ்டில் சமோவா ஜோவிடமிருந்து இந்தப் பட்டத்தைப் பறித்த மெக்கின்னஸ் 350 நாள் அதை வைத்திருந்தார். அந்த நாட்களில் அவர் செய்ததை நான் திரும்பத் திரும்ப வியக்கிறேன். விதிகளை ஆயுதமாக்கினார். எதிராளியின் கையைத் திருகி, அவரைக் கயிற்றுக்கு ஓட வைப்பார். ஒன்று போயிற்று. மீண்டும் அதே கை. இரண்டு. அப்போதே அரங்கில் ஒரு பதற்றம் பரவும், ஏனென்றால் மூன்றாவதும் போனால் அந்தக் கையை எதுவும் காப்பாற்றாது. யாரும் மேசையை உடைக்கவில்லை, யாரும் உயரத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு கை, ஒரு கயிறு, நடுவர் உயர்த்திக் காட்டும் விரல்கள். இவை மட்டுமே போதுமாயிருந்தன. உடலைப் பணயம் வைக்காமல் பார்வையாளரின் நெஞ்சைப் பிடிக்கும் வழி இது. சுயேச்சைக் களத்தில் எனக்குத் தெரிந்து இதைவிட அறிவார்ந்த நாடகம் அதிகமில்லை.

இதன் உச்சம் 2006 ஏப்ரல் 29 அன்று கிளீவ்லாண்டில் நடந்தது. டேனியல்சனும் அவரும் இரு பட்டங்களையும் பணயம் வைத்து மோதினார்கள். மெக்கின்னஸ் வென்றார், ஆனால் எண்ணிக்கையில். டேனியல்சன் நேரத்துக்குள் ரிங்குக்குத் திரும்பவில்லை. எண்ணிக்கையில் தோற்றால் உலகப் பட்டம் கைமாறாது. ஆகவே வென்றவருக்கு வெற்றி மட்டும், தோற்றவருக்கு அவருடைய பட்டம். இந்த முடிவு பலருக்கு ஏமாற்றம், அதனால்தான் பட்டியல்களில் இது கீழே கிடக்கிறது. எனக்கோ இதுதான் அவருடைய ஆகச் சிறந்த மோதல். தன் விதிகளுக்குள் தான் யாரையும் வெல்ல முடியும், ஆனால் உலகின் உச்சப் பட்டத்துக்கு அந்த விதிகள் செல்லாது என்ற பாத்திரத்தின் துயரம் முழுவதும் இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது. லிவர்பூலுக்குப் பொருள் தருவதே கிளீவ்லாண்ட்தான்.

இப்போது லிவர்பூலுக்கு வருகிறேன். அதன் பெருமைகளை மறைக்க மாட்டேன். சொந்த நாட்டுக் கூட்டம் அவர் பக்கம் நின்று குரல் கொடுத்தது. தொடக்கத்தில் இருவரும் தரையில் பிடி மாற்றிப் பிடித்த பகுதியை இன்றும் பயிற்சிக் கூடங்களில் காட்டலாம். பிறகு அந்தத் தருணம். டேனியல்சன் இரும்புத் தூணின் இருபுறமும் மெக்கின்னஸின் கைகளைப் பற்றி இழுக்க, மெக்கின்னஸின் நெற்றி மீண்டும் மீண்டும் தூணில் மோதியது. அதில் நடிப்பு இல்லை. அதன்பின் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டதிலும் இல்லை. இதைப் பார்க்கும் எவருக்கும் உடல் சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது.

ஆனால் அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வருகிறது? இரண்டு கலைஞர்கள் வலியைச் சித்திரித்ததிலிருந்து அல்ல, வலியை அப்படியே கொண்டுவந்து வைத்ததிலிருந்து. தொழில்முறை மல்யுத்தத்தின் அடிப்படை ஒப்பந்தமே இருவரும் ஒருவரையொருவர் காத்துக்கொண்டே காயப்படுத்துவதுபோல் காட்டுவதுதான். ஒருவர் தன் கழுத்தை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அதைப் பத்திரமாகத் திருப்பித் தருவதில்தான் திறமை இருக்கிறது. தலையோடு தலை உண்மையாகவே முட்டிக்கொள்ளத் திறமை வேண்டாம், துணிச்சல் போதும். கிளீவ்லாண்டில் மூன்று கயிறுகளைக் கொண்டு இருக்கை நுனிக்கு நம்மைக் கொண்டுவந்தவருக்கு அந்தத் துணிச்சல் தேவையே படவில்லை என்பதுதான் எனக்கு வேதனை. இன்னொன்றும் உண்டு. இரு பட்டங்களும் ஒன்றானதால் ப்யூர் பட்டமும் அதன் விதிகளும் அன்றிரவோடு முடிந்தன. 2020இல்தான் மீண்டன. ரசிகர்கள் அதிகம் கொண்டாடும் இரவு, மெக்கின்னஸை மெக்கின்னஸாக ஆக்கிய விதிகளைப் புதைத்த இரவும்கூட.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. ஆபத்து துளியும் இல்லாத மல்யுத்தம் வெறும் நடனப் பயிற்சி ஆகிவிடும், பார்ப்பவர் மனத்தில் ‘இது நிஜமோ’ என்ற ஐயம் ஒரு கணமாவது எழ வேண்டும் என்பார்கள். உண்மை. மெக்கின்னஸின் லேரியட்டே அதற்குச் சான்று. கயிற்றில் சாய்ந்து பின்னுக்கு விழுந்து, அந்த விசையிலேயே எகிறி வந்து கையை வீசுவார். பின்னாளில் டீன் ஆம்ப்ரோஸ் பயன்படுத்தியதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் மார்பில் விழும் கைக்கும் மண்டையில் விழும் இரும்புக்கும் நடுவே உள்ள எல்லை தெளிவானது. மார்பின் வலி ஒரு வாரத்தில் ஆறும்.

மண்டையில் விழுந்த அடிகளின் கணக்கு பின்னர் வந்தது. 2007 அக்டோபர் 6 அன்று நியூஜெர்சியின் எடிசனில், ஜப்பானின் பேருருவ வீரர் தகேஷி மொரிஷிமாவை வீழ்த்தி மெக்கின்னஸ் உலகப் பட்டம் வென்றார். நல்ல மோதல், பட்டியல்களில் அதற்கு நியாயமான இடம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள், டிசம்பரில் நியூயார்க்கில், ஆஸ்டின் ஏரிஸ் கயிறுகளின் ஊடே பாய்ந்தபோது மெக்கின்னஸின் தலை தடுப்புக் கம்பியில் மோதி ரத்தம் கொட்டியது. காயங்களால் அவர் சில நிகழ்ச்சிகளில் இறங்க முடியாமல் போனதும் ரசிகர்களில் ஒரு சாரார் அவரை ஏளனம் செய்தார்கள். அவர் ரத்தம் சிந்தியபோது கொண்டாடிய அதே கூட்டம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவரோ அந்த ஏளனத்தையே கதையாக்கி, கசப்பு நிறைந்த வில்லனாக மாறி, 545 நாள் பட்டத்தைச் சுமந்தார்.

அந்த வில்லன் காலத்தில் நான் மிகவும் விரும்புவது 2008 மார்ச்சில் பிலடெல்பியாவில் டைலர் பிளாக்குடன் நடந்த மோதல். டைலர் பிளாக் என்பவர் இன்றைய செத் ராலின்ஸ். அன்று அவர் வளரும் இளைஞர். மெக்கின்னஸ் அவரை ஒவ்வொரு படியாக உயர்த்தி, இந்தப் பையன் வென்றுவிடுவான் என்று அரங்கையே நம்ப வைத்து, கடைசியில் வென்றார். தோற்றவர்தான் நட்சத்திரமாக வெளியே போனார். எதிரே நிற்பவரைப் பெரியவராக்கும் இந்தப் பண்பைப் பட்டியல்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

மேற்கைத் தசைகள் கிழிந்த நிலையில் 2009 ஏப்ரலில் பட்டத்தை ஜெர்ரி லின்னிடம் இழந்தார். டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஒப்பந்தம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து, மருத்துவச் சோதனையில் நழுவியது. டி.என்.ஏ. மல்யுத்த நிறுவனத்தில் டெஸ்மண்ட் வுல்ஃப் என்ற பெயரில் கர்ட் ஆங்கிளுடன் நன்றாகவே மோதினார். பிறகு ஹெப்படைட்டிஸ் பி. 2011இல் களத்தை விட்டு விலகினார். தன் கடைசிப் பயணத்தைத் தானே ஆவணப்படமாக எடுத்தார். லிவர்பூலை ரசிப்பவர்கள் அந்தப் படத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். டேனியல்சனும் மூளையதிர்ச்சிகளின் பாதிப்பால் 2016இல் ஓய்வை அறிவித்து, மருத்துவர்கள் அனுமதித்தபின் 2018இல்தான் திரும்பினார். ஒரே ஓர் இரவின்மீது இத்தனை பழியையும் சுமத்த முடியாது. அந்த இரவை உச்சம் என்று திரும்பத் திரும்பக் கொண்டாடிய ரசனையின்மீது ஒரு பங்கைச் சுமத்தலாம்.

யாரும் எதிர்பாராத பின்பகுதி ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வெம்ப்ளியில் ஏ.ஈ.டபிள்யூ. மல்யுத்த நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியில் மெக்கின்னஸ் வர்ணனை மேசையை விட்டுக் களத்தில் இறங்கினார். அடுத்த மாதம் நியூயார்க்கில் மீண்டும் டேனியல்சனுடன் மோதித் தோற்றார். 2025 ஆகஸ்ட் 24 அன்று லண்டன் ஓ2 அரங்கில், தன் நாற்பத்தொன்பதாம் வயதில், ஐ.டபிள்யூ.ஜி.பி. உலகப் பட்டத்துக்காகச் சாக் சேபர் ஜூனியரை எதிர்கொண்டார். சேபர் கென்ட் பகுதியின் ஷெப்பி தீவுக்காரர், அந்தப் பழைய பிரிட்டிஷ் பிடிக்கலையை ஜப்பான்வரை கொண்டுபோய் உச்சிக்கு ஏற்றியவர். இருவரும் கை, மணிக்கட்டு, முழங்கை என்று ஒருவரையொருவர் அவிழ்த்துக் கட்டினார்கள். சேபர் பட்டத்தைக் காத்துக்கொண்டார். வேகம் குறைந்திருந்தது, மெக்கின்னஸின் மூச்சு சில இடங்களில் வாங்கியது. சிலர் இதைப் பழைய நினைவுக்கான மரியாதை என்று மட்டும் மதிப்பிட்டார்கள். நான் உடன்படவில்லை. இளமையில் இருந்த உடல் போனபிறகும் நிற்பது எது என்று அந்த மோதல் காட்டியது. நின்றது பிடிதான், முட்டல் அல்ல.

ஆகவே என் வரிசை இப்படி: முதலில் கிளீவ்லாண்ட், பிறகு டைலர் பிளாக், பிறகு ஓ2, நான்காவதாக லிவர்பூல். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டியதில்லை. கிளீவ்லாண்டை மட்டும் லிவர்பூலுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். எண்ணிக்கையில் வென்று பட்டமில்லாமல் திரும்பியவர் அவர் என்று தெரிந்தபிறகு, லிவர்பூலில் அந்தத் தூணுக்கு முன் அவர் ஏன் பின்வாங்கவில்லை என்பது உங்களுக்குப் புரியும். பின்வாங்கியிருக்கலாமே என்றும் தோன்றும்.