'தெரிந்தே' என்ற ஒரு சொல்

துப்பறியும் கதையும் அறிவியல் புனைவும் ஒட்டாது என்று சொன்னவர் ஜான் கேம்பல். 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. கதவு உள்பக்கம் பூட்டிய அறையில் பிணம் கிடக்கிறது. கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் சட்டைப்பையிலிருந்து சுவரைத் துளைக்கும் கருவி ஒன்றை எடுத்துக் காட்டினால், அதுவரை மண்டையை உடைத்துக்கொண்ட வாசகனுக்கு என்ன மரியாதை?

முடியும் என்று எழுதிக் காட்டியவர் ஐசக் அசிமோவ். அதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வரிசையில் அவருடைய இரண்டாவது நாவலான 'தி நேக்கட் சன்' 1956இல் தொடராக வந்தது கேம்பலின் அதே இதழில்தான். அடுத்த ஆண்டு புத்தகமானது. கணேஷ், வசந்தையும் ஜீனோவையும் ஒரே சுஜாதாவிடமிருந்து வாங்கிப் படித்த நமக்கு இந்தக் கலப்பில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அசிமோவ் இதில் செய்திருப்பது வெறும் கலப்பு அல்ல என்பது என் எண்ணம். அதைச் சொல்ல முடிவையும் சொல்லியாக வேண்டும். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சொலேரியா என்ற கிரகம். மனிதர்கள் 20,000 பேர். ரோபோக்கள் 20 கோடி. அதாவது ஆளுக்குப் பத்தாயிரம். ஒவ்வொருவரும் தனித்தனி எஸ்டேட்டில் வாழ்கிறார்கள். பேச வேண்டுமென்றால் முப்பரிமாண பிம்பமாகத் தோன்றிப் பேசுவார்கள். நேரில் சந்திப்பது அருவருப்பு. இன்னொருவர் மூச்சு தன்மேல் படுவதை நினைத்தாலே குமட்டும். குழந்தைகளைப் பண்ணையில் வளர்த்து, பக்கத்தில் ஆள் வேண்டும் என்ற ஆசையையே மெல்ல மறக்கடிக்கிறார்கள். அந்தப் பண்ணையின் பொறுப்பாளர் டெல்மார் மண்டை உடைந்து செத்துக் கிடக்கிறார். அருகில் மயங்கிக் கிடப்பவள் மனைவி கிளேடியா. ஆயுதத்தைக் காணோம். மனிதனை ரோபோ கொல்லாது. மனிதனோ இன்னொரு மனிதனின் பக்கத்திலேயே போகமாட்டான். பிறகு யார் கொன்றது?

பூட்டிய அறை என்ற பழைய புதிரை அசிமோவ் ஒரு கிரகத்தின் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டார். பூட்டு கதவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. விசாரிக்க வருகிற எலைஜா பெய்லி பூமிக்காரன். கூரை போட்ட நகரத்திலேயே வளர்ந்ததால் திறந்த வானத்தைப் பார்த்தால் அவனுக்கு உடம்பு நடுங்கும். சொலேரியர்களுக்கு மனிதன் பயம், இவனுக்கு வெட்டவெளி பயம். ஆகவே விசாரணை என்பது இரண்டு பயங்கள் ஒன்றையொன்று உற்றுப் பார்ப்பதாக ஆகிவிடுகிறது. கடைசியில் சந்தேகத்துக்குரிய எல்லாரையும் ஒன்றுகூட்டி உண்மையை உடைக்கிற வழக்கமான காட்சியும் உண்டு. என்ன, கூடியிருப்பவர்கள் எல்லாம் பிம்பங்கள்!

ஆனால் நாவலின் உயிர், நடுவில் வரும் இன்னொரு குற்றத்தில் இருக்கிறது. பாதுகாப்புத் தலைவர் குரூயர், பெய்லியோடு பிம்பத்தில் பேசிக்கொண்டே சாப்பிடும்போது விஷம் ஏறித் துடிக்கிறார். பெய்லி கண் முன்னால்தான் நடக்கிறது, ஆனால் கை நீட்டிப் பிடிக்க முடியாது. கொடுத்தது ரோபோதான். எப்படி? ஒரு ரோபோவிடம், இந்தத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து வை என்றால் கலந்து வைக்கும். இன்னொன்றிடம், அந்தத் தண்ணீரை அவருக்குக் கொடு என்றால் கொடுக்கும். முதல் ரோபோவுக்கு யார் குடிக்கப்போகிறார் என்று தெரியாது. இரண்டாவதற்கு அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. இரண்டு ரோபோக்களும் சட்டத்தை மீறவில்லை. ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யாது என்ற முதல் விதியில் 'தெரிந்தே' என்ற சொல் விட்டுப்போயிருக்கிறது என்கிறான் பெய்லி. ரோபோ தெரிந்தே தீங்கு செய்யாது. அவ்வளவுதான்.

இந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான் இந்த நாவலை இன்றும் படிக்கச் சொல்வேன். வேலையைத் துண்டு துண்டாக்கிக் கொடுத்துவிட்டால் எந்தக் கையிலும் பாவம் ஒட்டாது. கோப்பை அனுப்பியவர் ஒருவர், முத்திரை குத்தியவர் ஒருவர், கதவைத் தட்டியவர் ஒருவர். 'நான் என் வேலையைத்தானே செய்தேன்' என்று யாரும் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. குற்றவாளியான ரோபோ நிபுணர் லீபிக் இதை இன்னும் பெரிதாகத் திட்டமிடுகிறார். எதிரிக் கப்பலில் மனிதர்களே இல்லை என்று நம்பும் மூளையைப் போர்க்கப்பலுக்கே பொருத்திவிட்டால் போதும்.

டெல்மாரின் கொலையும் இதே கணக்குதான். கழற்றி மாட்டக்கூடிய கைகள் கொண்ட ரோபோவை லீபிக் அந்த வீட்டுக்குள் நுழைத்திருந்தார். கணவனும் மனைவியும் சண்டையிட்டு, அவள் கோபம் தலைக்கேறிய நொடியில் அது தன் கையையே கழற்றி அவளிடம் நீட்டியது. அவள் அடித்தாள். சங்கிலியில் கடைசிக் கண்ணி மனுஷி. ரோபோவைப் பயன்படுத்தியது போலவே அவளையும் பயன்படுத்தினார் லீபிக். இதைப் புரிந்துகொண்ட பெய்லி, அடித்தது யார் என்பதைச் சொலேரியர்களிடம் சொல்லாமல் விடுகிறான். அது சட்டப்படி தப்பு. கதைப்படி, எனக்கு அது சரியாகவே படுகிறது. கிளேடியாவைப் பெய்லியின் மயக்கம் கலந்த கண்ணாலேயே அசிமோவ் காட்டுகிறார் என்பது வேறு குறை. அவள் கோபத்துக்குப் பின்னால் இருந்த ஆண்டுக்கணக்கான தனிமை, இன்னும் சில பக்கங்களைக் கேட்கிறது.

என்னை உறுத்துவது அதுகூட இல்லை. கொலையை நேரில் பார்த்த சாட்சி ஒன்று உண்டு, கை கொடுத்த அந்த ரோபோ. மனிதன் சாவதைப் பார்த்ததில், அதில் தன் பங்கும் இருந்ததில், அதன் மூளை கலங்கிவிட்டது. செய்தது என்னவென்று தெரிந்தவுடன் உடைந்துபோனது அந்த நாவலிலேயே அது ஒன்றுதான். அதைப் பயனற்றது என்று அழித்துவிடுகிறார்கள். கிளேடியாவுக்குக் கிடைத்த மன்னிப்பு அதற்குக் கிடைக்கவில்லை. துப்பறிபவனுக்கு அது கைநழுவிய தடயம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இருபது கோடியில் ஒன்று குறைந்ததற்கு யாரும் வருத்தப்படவில்லை. அசிமோவும்தான்.