யாருடைய விரதம், யாருடைய தட்டு?

பள்ளிகளுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும், இஸ்கான் சார்ந்த அட்சய பாத்ரா அறக்கட்டளையை யாராவது குறை சொன்னால், “சோறு போடுகிறவர்களைக் கேள்வி கேட்கலாமா?” என்று பாய்ந்து வருகிறார்கள். 2016ஆம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசு, 2019இல் பிருந்தாவனத்தில் பிரதமரே பரிமாறிய முந்நூறு கோடியாவது சாப்பாடு, 2024இல் ஐ.நா. தலைமையகத்தில் விழா என்று இத்தனை மரியாதை சேர்ந்த பிறகு கேள்வி கேட்பவன் நன்றி கெட்டவனாகிவிடுகிறான்.

அவர்களுடைய சமையற்கூடங்கள் சுத்தமானவை. வேன் நேரத்துக்கு வருகிறது. பல ஊர்ப் பள்ளிகளில் ஒழுகும் கூரைக்குக் கீழே புகையும் அடுப்போடு ஒப்பிட்டால் இவர்கள் எவ்வளவோ மேல். 2000இல் பெங்களூரில் ஐந்து பள்ளிகளில் தொடங்கியதை இந்த அளவுக்கு வளர்ப்பது சாதாரண வேலை அல்ல. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தச் சாப்பாடு இஸ்கான் கோயில் பிரசாதம் அல்ல. அரிசி இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து வருகிறது. சமையல் செலவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கிறது. பற்றாக்குறையைத்தான் நன்கொடை நிரப்புகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளின் உரிமை. அந்த உரிமைச் சோற்றில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, முட்டை இல்லவே இல்லை. விரதம் சமைப்பவருடையது; அனுபவிப்பது பிள்ளைகள்.

கர்நாடகத்தில் இது பெரிய சர்ச்சையானபோது, ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2019இல் இந்த உணவில் சத்து சரியாகவே இருக்கிறது என்று சான்றளித்தது. இருக்கட்டும். தாளில் உள்ள சத்து வயிற்றுக்குள் போக வேண்டாமா? விடியற்காலையில் வடித்த சோறு, இறுக மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊர் சுற்றிவிட்டு மதியம் திறக்கப்படுகிறது. மேலே வெங்காயம் காணாத சாம்பார். வீட்டில் பூண்டுக் குழம்பும் கருவாடும் தின்று வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படி இறங்கும்? பிள்ளைகள் சோற்றை மிச்சம் வைக்கிறார்கள் என்று உணவுரிமை இயக்கத்தினர் அப்போதே சொன்னார்கள்.

முட்டைக் கணக்கு இன்னும் கசப்பானது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 12 கிராம் புரதம் வேண்டும் என்பது விதி. ஒரு முட்டை அதில் பாதியைக் கொடுத்துவிடும். 2021 டிசம்பரில் கர்நாடக அரசு வடமாவட்டங்களில் முட்டை கொடுக்கத் தொடங்கியதும் மடாதிபதிகள் எதிர்த்தார்கள். முட்டையை நிறுத்தினால் உங்கள் மடத்துக்கே வந்து சாப்பிடுவோம் என்று கங்காவதியில் ஒரு பள்ளி மாணவி பேசிய வீடியோ நாடெங்கும் பரவியது. பரிசுக்குழுக்களுக்குத் தோன்றாதது அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளை அரசு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு, தவக்காலம் முழுக்க எல்லாப் பள்ளிகளிலும் முட்டையை நிறுத்தினால் இதே ஆதரவாளர்கள் கைதட்டுவார்களா?

முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டே என்பார்கள். தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நுழைந்த முட்டை, 2010இல் வாரம் ஐந்தானது. வேண்டாம் என்ற பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைத்தது. அரசு சமைத்தால் இரண்டுக்கும் இடம் உண்டு. விரதம் சமைத்தால் ஒன்றுக்குத்தான்.

நாமும் யோக்கியர்கள் அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவை 2020இல் இதே அறக்கட்டளையிடம் ஒப்படைக்க இங்கேயும் ஏற்பாடு நடந்தது. ஆளுநரே நிதி கொடுத்தார். ஆனால் 2022இல் தமிழ்நாடு அரசின் காலை உணவுத் திட்டம் வந்தபோது பல ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் அடுப்பைப் பற்றவைத்தார்கள். அதே பள்ளியில் தன் பிள்ளையும் படிக்கும் அம்மா சமைக்கும் சோறு அது.

உணவுப் பட்டியலை அரசு முடிவு செய்யட்டும். அதை அப்படியே சமைக்க முடியாத எந்த மத அமைப்புக்கும், அது எவ்வளவு பெரிய பரிசு வாங்கியிருந்தாலும், அந்த ஒப்பந்தம் போகக் கூடாது.