ரீப்ளேவுக்கே என் ஓட்டு

ரோபோ கைகளைப் பழக்கும் லெரோபாட் மென்பொருளில் எல்லோரும் கொண்டாடுவது மாடலைப் பயிற்றுவிக்கும் டிரெயின் கட்டளையைத்தான். மாடலின் பிழை அளவான லாஸ் இறங்குவதை ராத்திரி முழுக்க டெர்மினலில் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. என் ஓட்டு, பதிவானதைத் திரும்ப ஓட்டிக் காட்டும் ரீப்ளேவுக்கு.

டேட்டாசெட் பெயரையும் எபிசோட் எண்ணையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். ரெகார்டு செய்தபோது, ரோபோவை இயக்க நாம் பிடித்து நகர்த்தும் லீடர் கையை அசைத்த அசைவுகள், வழக்கமாக வினாடிக்கு 30 வீதம், எஸ்ஓ-101 ரோபோ கையின் ஆறு மோட்டார்களுக்கும் அப்படியே போகும். கேமரா எதைப் பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மாடலுக்கு இங்கே வேலையே கிடையாது. ரெகார்டு செய்தபோது எடுத்த கட்டையைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால் கை போய் எடுத்தாக வேண்டும். எடுக்கிற விதத்தைக் கவனியுங்கள். நடுவழியில் நாம் தயங்கியதும், மணிக்கட்டை வீணாக ஒருமுறை திருப்பியதும் துளி பிசகாமல் திரும்ப வரும். நாளைக்கு மாடல் கற்கப்போவது இந்தத் தயக்கத்தையும் சேர்த்துத்தான்.

ஒரு விரற்கடை தள்ளிக் காற்றைப் பிடித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். இடையில் யாரோ மறுபடி காலிபிரேட் செய்திருப்பார்கள், அல்லது மேசையில் கிளாம்ப் நகர்ந்திருக்கும். கேமரா வழியாகப் பார்த்து நகரும் மாடல் இதைப் பாதி சமாளித்து மறைத்துவிடும். ரீப்ளேவுக்கு மறைக்கத் தெரியாது.

பதிவுகளைக் காட்டும் ரீரன் திரையில் வீடியோவையும் அசைவுக் கோடுகளையும் ஓட்டிப் பார்த்தால் போதாதா என்பார் ஒரு நண்பர். போதாது. அந்த வீடியோவில் கட்டை என்றைக்கும் தப்பப்போவதில்லையே!

முன்பு ஒரே ஸ்கிரிப்ட்டுக்குள் அடைந்து கிடந்த ரெகார்டு, ரீப்ளே போன்றவற்றை 2025இல் தனித்தனிக் கட்டளைகளாகப் பிரித்தது நல்ல காரியம். கை எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஃபைண்ட்-போர்ட் கட்டளையும் எனக்குப் பிடிக்கும். கேபிளைப் பிடுங்கி என்டர் தட்டச் சொல்லும். எந்தப் போர்ட் காணாமல் போனதோ அதுதான் உங்கள் கை என்று சொல்லிவிடும். இதைவிட எளிதாக யாரால் யோசிக்க முடியும்?

கருவி தேறிவிட்டது, ஆட்கள்தான் தேறவில்லை. எல்லோரும் பகிரும் ஹப் தளத்தில் ஏற்றும் டேட்டாசெட்டில் டாஸ்க் விவரம் கேட்டால் ‘டெஸ்ட்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். சொதப்பிய எபிசோடை மறுபடி எடுக்க இடது அம்புக்குறியைத் தட்டினால் போதும், அதற்கும் பொறுமை இல்லை. அப்புறம் ‘ஏசிடி மாடல் கற்கவே மாட்டேன் என்கிறது’ என்று புலம்பல்.

50 எபிசோட் எடுக்க உட்காரும் முன், ஒன்றே ஒன்றை எடுத்து ரீப்ளே செய்து பாருங்கள். கட்டை பிடியில் சிக்கவில்லை என்றால் மற்ற 49ஐ எடுக்காதீர்கள்.