ஒரு கோட்டுக்குள் மூன்று கல்லூரிகள்

பி.காம். படித்தவர்களுக்கு 'அமால்கமேஷன்' கணக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு கம்பெனிகள் ஒன்று சேரும். கட்டடம், கடன், கையிருப்பு எல்லாவற்றையும் புதுப் புத்தகத்தில் ஏற்றணும். கடைசியில் எதிலும் சேராமல் தொங்குகிற தொகைக்கு 'குட்வில்' என்று பெயர் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். மார்க்கும் விழுந்துவிடும்!

சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் இருக்கும் மெதடிஸ்ட் செமினரியின் வரலாற்றைப் படித்தபோது அந்தக் கணக்குதான் ஞாபகம் வந்தது. போதகர்களைத் தயார்செய்யும் கல்லூரி அது. 1974-ல் அதற்கு வைத்த பெயர் 'காரெட்-இவாஞ்சலிகல்'. நடுவில் ஒரு சின்னக் கோடு. பெயரில் இருப்பது இரண்டு. உள்ளே சேர்ந்ததோ மூன்று.

முதலாவது, 1853-ல் தொடங்கியது. சிகாகோ மேயராக இருந்த அகஸ்டஸ் காரெட்டின் மனைவி எலைஸா, கணவர் இறந்த பிறகு அவர் விட்டுப்போன சொத்திலிருந்து கொடுத்த பணம். இன்னொன்று, ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகளின் சபை நேப்பர்வில்லில் நடத்திவந்த செமினரி. 1968-ல் சபைகள் இணைந்தன. ஆறு வருஷத்தில் கல்லூரிகளும் இணைந்தன. இதில் சிக்கல் ஏதுமில்லை.

விட்டுப்போனது 'சிகாகோ டிரெய்னிங் ஸ்கூல்'. 1885-ல் லூசி ரைடர் மேயர் தொடங்கிய பெண்கள் பயிற்சிப் பள்ளி. தொடங்கும்போது பெரிய பணக்காரர் யாரும் பின்னால் இல்லை. ஆளுக்கு ஒரு நிக்கல், அதாவது ஐந்து சென்ட் நாணயம், கொடுங்கள் என்று கேட்டுக்கேட்டுப் பணம் சேர்த்தார் அந்த அம்மா. நடுவில் டாக்டருக்கும் படித்து முடித்தார். அங்கே பயின்ற 'டீக்கனஸ்' பெண்கள் சேரிகளில் வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள். சம்பளம் கிடையாது, தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. அவர்களுடைய முதல் இல்லத்தை 1887-ல் சிகாகோவில் பொறுப்பேற்று நடத்தியவர் யார் தெரியுமா? நம்ம லக்னோவில் பெண்கள் பள்ளி நடத்திய இசபெல்லா தோபர்ன். விடுப்பில் ஊருக்குப் போனவருக்கு அங்கேயும் வேலை!

அப்படிப்பட்ட பள்ளி 1934-ல், பொருளாதார மந்தம் அமெரிக்காவை ஆட்டிக்கொண்டிருந்த சமயம், காரெட்டோடு இணைந்தது. பலகையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கல்லூரி இதை மறைத்துவிட்டது என்று சொன்னால் அநியாயம். தன் வரலாற்றைச் சொல்லும்போது மூன்றையும் சொல்கிறது. ரயில் வண்டி நீளத்துக்குப் பெயர் வைக்க முடியாது என்பதும் வாஸ்தவம்தான். ஆனாலும் 1974-ல் வந்தவர்களுக்குக் கிடைத்த கோடு, நாற்பது வருஷம் முன்னால் வந்த பெண்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஒன்று 'இணைப்பு', மற்றது 'சேர்த்துக்கொள்வது' என்று யாரோ மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சபையில் பெண்களுக்குப் போதகர் பதவியில் முழு உரிமை கிடைத்ததே 1956-ல்தான்.

இத்தனைக்கும் அந்த இடமே ஒரு பெண் கொடுத்த பணம். எலைஸா தன் உயிலில் ஒரு ஷரத்தும் எழுதியிருந்தார்: செமினரியின் தேவைக்குப் போக மிச்சம் வந்தால், அதில் பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்டணும். மிச்சம் வந்தால்!