ஏச்சுக்கு ஒரு வாரம்

மே மாதம் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை வந்தால் திருப்பதியே வேஷம் கட்டிக்கொள்ளும். ஒரு நாள் வெள்ளை பூசிய பைராகி, ஒரு நாள் குங்குமம் அப்பிய பண்ட வேஷம், ஒரு நாள் கரி பூசி வேப்பிலை கட்டிய தோட்டி. மீசையோடு புடவை கட்டிப் பூ வைத்த ஆண்களும் வருவார்கள். வேஷம் போட்டவர் வாய்க்கு வந்தபடி ஏசலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெண்களைச் சீரழித்து ஒளிந்துகொண்ட பாளையக்காரனை அம்மன் வேஷம் மாற்றித் தேடினாள் என்பது கதை.

ஸ்க்ரீமோ இசையைக் கேட்கும்போது எனக்கு இந்த ஜாத்திரைத் தெருதான் நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஹார்ட்கோர் பங்க்கிலிருந்து கிளைத்த வகை அது. பாடகர் பாடுவதில்லை, தொண்டை கிழியக் கத்துகிறார். முதல் கத்தல் உலுக்கும். பத்தாவது பழகிவிடும். அதனால்தான் இந்தக் குழுக்கள் வேறு இசையிடம் கைநீட்ட வேண்டியிருக்கிறது.

டோக்கியோவின் என்வி 1992இல் தொடங்கிய குழு. 2006இல் வந்த 'இன்சோம்னியாக் டோஸ்' தொகுப்பில் போஸ்ட்-ராக்கின் நிதானம் குடிவந்துவிட்டது. கிதார் மெல்லச் சொட்டிக்கொண்டிருக்க, பாடகர் டெட்சுயா ஃபுகாகவா கடிதம் வாசிப்பதுபோலப் பேசுகிறார். வெகுநேரம் கழித்தே குரல் வெடிக்கிறது. கத்தல் குறைந்தது, காத்திருப்பு கூடியது. அடி முன்னைவிட ஆழமாக விழுகிறது.

சிங்கப்பூர்த் தமிழர்கள் அதே 1992இல் தொடங்கிய ருத்ரா, ஸ்க்ரீமோ அல்ல, டெத் மெட்டல். சிக்கல் மட்டும் அதேதான். 2005இல் 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' தொகுப்பில் வேதாந்தம் பொருளாகவும் சமஸ்கிருத மந்திரம் ஒலியாகவும் இருந்தன. பொருந்தாக் கல்யாணம் என்றே தோன்றும். ஆனால் வேதம் ஓதுவது பெரும்பாலும் மூன்று சுரங்களுக்குள் அடங்குவது. டெத் மெட்டல் உறுமலோ சுரமே பிடிக்காதது. இரண்டையும் நடத்துவது மூச்சும் தாளமும்தான். ஆகவே முட்டிக்கொள்ளவில்லை.

டெல்லியின் பிளடிவுட் 2022இல் 'ரக்ஷக்' தொகுப்பில் டோல் மேளத்தையும் புல்லாங்குழலையும் மெட்டலோடு சேர்த்தது. கத்தலுக்கு ஆடும் கால்கள் கிடைத்தன. ஆனாலும் சில பாட்டுகளில் டோல் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாகவே நின்றுவிடுகிறது.

கடன் வாங்குவது இழுக்கல்ல. 15ஆம் நூற்றாண்டிலேயே, திருமலையப்பனைப் பாடிய அன்னமாச்சாரியார் உலக்கைப் பாட்டையும் தாலாட்டையும் கீர்த்தனைக்குள் கொண்டுவந்தார். அவரிடம் உலக்கைப் பாட்டு ஊறுகாயல்ல, அதுவே சோறு. என்வியும் ருத்ராவும் நெருங்குவது அந்த இடத்தைத்தான். அவர்கள் கடன் வாங்கியது அலங்காரத்துக்கு அல்ல. கத்தல் எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் வரம்புக்கு.

ஜாத்திரைக்கும் அந்த வரம்பு உண்டு. கடைசியில் அம்மனின் விஸ்வரூப மண்ணுருவைக் கலைப்பார்கள். ஆளுக்கொரு பிடி மண்ணோடு வீடு திரும்புவார்கள். மறுநாள் அதே தெருவில் அதே ஏச்சை ஏசிப் பாருங்கள், அடிதான் விழும்.