‘தாரா’வின் மேடை

பெங்களூரிலே பிறந்த மகேஷ் தத்தானி 1990-இல் அளித்த ‘தாரா’ நாடகத்தில் என் சிந்தையைப் பெரிதும் கவர்ந்தது, ஒரே மேடையை உயர வித்தியாசத்தால் வகுத்து ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் அனைத்தையும் பிரத்தியட்சமாக்கிய அந்த அமைப்புத்தான். படேல் குடும்பத்தின் வீடு கீழ்த் தளம். தன்னோடு ஒட்டிப் பிறந்த தாரா மறைந்தபின், சந்தன் என்ற பெயரையும் துறந்து லண்டனுக்கு ஓடியவனின் அறை மற்றொன்று. அவ்விரு சிசுக்களையும் பிரித்த டாக்டர் தாக்கரோ, எல்லாவற்றிற்கும் மேலே, நாடகம் முடியுமட்டும் நாற்காலியை விட்டு எழுவதேயில்லை. டென்னஸி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜரி’யில் தமக்கையைக் கைவிட்டு ஓடிய டாமும் இவ்வாறே நினைவின் பந்தத்தினின்று தப்ப மாட்டாதவன், எனினும், பெண்ணுக்கே பொருந்தும் என்றறிந்தும், ஒட்டிப் பிறந்த இருவருக்கும் பொதுவாயிருந்த மூன்றாவது காலைத் தாயும் பாட்டனும் ஆண்பிள்ளைக்கு அளித்த அநீதி நம் வீடுகளுக்கே உரியது. அவனிடம் அக்கால் இரண்டே நாள்தான் உயிர்த்திருந்தது.