வஞ்சினம் உரைப்பவரும் அடி ஏற்பவரும்: ‘சார்பட்டா பரம்பரை’யில் போட்டி குறிக்கும் உரிமை

ஆய்வுச் சுருக்கம்

யார் யாருடன், எப்போது, எந்த நிபந்தனையின் பேரில் மோதுவது என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் குத்துச்சண்டையின் முதன்மையான அதிகாரமாகும். பா. இரஞ்சித் இயக்கத்தில் 2021 ஜூலையில் அமேசான் பிரைம் தளத்தில் வெளியான ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தை இவ்வதிகாரத்தின் வழி இக்கட்டுரை வாசிக்கிறது. புறத்திணை மரபின் வஞ்சினக் காஞ்சி என்னும் துறை இவ்வாசிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. எதிர்த்தரப்பிலும் அரசிடத்தும் செயல்படும் இவ்வதிகாரத்தைப் படம் கூர்மையாகக் காட்டுகிறது. வாத்தியாரிடம் உள்ள அதே அதிகாரத்தை மானம் என்னும் விழுமியத்தால் மூடிவிடுகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குத்துச்சண்டை, போட்டி குறித்தல், வஞ்சினம், வாத்தியார், மானம், மற்போர்.

முன்னுரை

‘சார்பட்டா பரம்பரை’ குறித்த விவாதங்கள் பெரும்பாலும் சாதி, நெருக்கடிநிலைக் கால அரசியல், வடசென்னை உழைக்கும் மக்களின் வாழ்வு ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. இம்மூன்றும் படத்தின் உயிர்ப்பகுதிகளே. ஆயினும் அவை மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் படத்தின் கதையமைப்பில் காணலாம். போட்டி குறிக்கப்படும் கணமே அவ்விடம். கபிலன் களத்தில் வாங்கும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால், களத்திற்கு வெளியே ஒரு சொல் சொல்லப்பட்டிருக்கிறது. அச்சொல்லைச் சொல்லும் உரிமை எவரிடம் இருந்தது, அதன் விலையை எவர் செலுத்தினார் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

குத்துச்சண்டைத் தொழிலில் இணைகளை முடிவுசெய்பவரும், போட்டியை அமைத்து விளம்பரப்படுத்துபவரும் தனித்தனிப் பொறுப்பினர். வடசென்னையின் பரம்பரை அமைப்பை இப்படம் சித்திரிக்கும் முறையில் இவ்விரு பொறுப்புகளும் பயிற்சியாளரான வாத்தியாரிடமே குவிந்துள்ளன. இக்குவிப்பே இங்கு ஆராயப்படுகிறது.

வஞ்சினத்தின் இலக்கணமும் அதன் பிளவும்

படத்தின் தொடக்கத்தில் சார்பட்டா பரம்பரையின் மீரான், இடியப்பப் பரம்பரையின் வேம்புலியிடம் தோற்கிறார். அத்தோல்வியையும் அதைத் தொடரும் ஏளனத்தையும் பொறாத ரங்கன் வாத்தியார், அடுத்த போட்டியில் தம் தரப்பு வேம்புலியை வெல்லும், இல்லையேல் சார்பட்டா இனிக் குத்துச்சண்டையில் இறங்காது என ஊரறியச் சூளுரைக்கிறார். படத்தின் முழுக்கதையும் இச்சூளுரையிலிருந்து பிறக்கிறது.

இத்தகைய கூற்று தமிழ் மரபுக்குப் புதிதன்று. இன்னது செய்யேனாயின் இன்ன இழிவை அடைவேன் என வீரன் உரைப்பதை வஞ்சினக் காஞ்சி என்பர். புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் இத்துறையின. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் தன் சூளுரையில் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் தன் நிலத்தைப் பாடாதொழிவதைத் தனக்குரிய இழிவாக முன்வைக்கிறான். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் தன் மனைவியைப் பிரிவதை முன்வைக்கிறான். இரண்டிலும் பணயமாக வைக்கப்படுவது சூளுரைப்பவனின் சொந்த இழப்பு. வஞ்சினம் உரைப்பவனே போருக்கும் தலைமை ஏற்கிறான். சொல்லும் உடலும் ஓரிடத்தில் இருப்பதே அவ்வஞ்சினத்திற்கு அறவலிமை தருகிறது.

ரங்கனின் வஞ்சினத்தில் இவ்வொருமை இல்லை. சொல் அவருடையது, அடி ஏற்கும் உடல் வேறொருவருடையது. அவ்வுடல் எவருடையது என்பது சூளுரைக்கும் வேளையில் உறுதியாகவும் இல்லை. பணயமும் அவருடைய தனியுடைமையன்று. பரம்பரை போட்டியிலிருந்து விலகினால், இதுவரை அதில் பயின்ற அனைவரும் மேடையை இழப்பர். அவர்களுள் எவரையும் ரங்கன் கலந்து பேசவில்லை. உரைப்பவருக்கும் ஏற்பவருக்கும் இடையிலான இவ்விடைவெளியே உலகெங்கும் போட்டி அமைப்பாளரின் தொழில் நிலைகொண்டுள்ள இடமாகும். அவர் பிறர் உடலைக் கொண்டு வாக்குறுதி அளிப்பவர். பழைய வஞ்சினத்தின் மொழியில் இத்தொழிலின் அமைப்பு மறைந்திருப்பதைப் படம், தான் அறிந்தோ அறியாமலோ, வெளிப்படுத்துகிறது.

தேர்வு என்னும் அதிகாரம்

வஞ்சினத்தை நிறைவேற்ற ரங்கன் முதலில் ராமனைத் தேர்ந்தெடுக்கிறார்; தம் மகன் வெற்றிச்செல்வனைத் தேர்ந்தெடுப்பதில்லை. உறவுக்கு இடங்கொடாத நேர்மையாகவே படம் இதைக் காட்டுகிறது. அந்நேர்மை மெய்யானதே. எனினும் நேர்மையான தேர்வும் தனியொருவரின் தேர்வாகவே உள்ளது. வெற்றியின் மனக்குறை, ராமனின் வீம்பு, அவனுடைய மாமன் தணிகையின் சினம் ஆகிய மூன்றும் தேர்வுக்கான அளவுகோல் வாத்தியாரின் நெஞ்சில் மட்டும் இருப்பதன் விளைவுகளாகும்.

இப்பின்னணியில், ராமனை எதிர்த்துக் கபிலன் தானே முன்வந்து களமிறங்கும் காட்சி தனிக்கவனம் பெறுகிறது. அதுவரை வேடிக்கை பார்ப்பவனாக, வாத்தியாரின் அடியொற்றி நடப்பவனாக இருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவன், தன் எதிராளியைத் தானே குறித்துக்கொள்கிறான். பெரிய மேடையோ விளம்பரமோ அச்சண்டைக்கு இல்லை. ஆயினும் அடி ஏற்பவனே போட்டி குறிப்பவனாகவும் ஆகும் அரிய கணம் அது. அவன் வென்றதும் இவ்வுரிமை அவனை விட்டு நீங்கிவிடுகிறது. அதன்பின் அவன் ரங்கனின் வஞ்சினத்தைச் சுமக்கும் உடலாகிறான்.

எதிர்த்தரப்பும் இவ்வதிகாரத்தைத் திறமையாகப் பயன்படுத்துகிறது. வேம்புலியைச் சந்திக்கும் முன் கபிலன் அதே இடியப்பப் பரம்பரையின் டான்சிங் ரோஸை வெல்ல வேண்டியிருக்கிறது. புதியவன் ஒருவனைப் பெருவீரனிடம் நேரே அனுப்பாமல், இடையில் கடினமான ஒருவரை நிறுத்துவது தொழில்முறைக் குத்துச்சண்டையில் நெடுநாள் வழக்கம். புதியவன் தோற்றால் பெருவீரனுக்கு இடர் இல்லை. வென்றால் அடுத்த போட்டிக்குக் கூட்டம் பெருகும். எவ்வழியிலும் இழப்பது இடையில் நிறுத்தப்பட்டவரே. ரோஸின் ஆட்டத்தை இரசிகர்கள் கொண்டாடிய அளவுக்கு, அவர் எதற்காக அங்கே நிறுத்தப்பட்டார் என்பது பேசப்படவில்லை. இரு தலைவர்களின் சூளுரைகளுக்கு நடுவே தன் புகழைச் செலவிட நேர்ந்த தொழிலாளியாக அவரைக் காண்பதற்கும் படத்தில் இடமுண்டு.

மேடைக்கு வெளியே எழுதப்படும் முடிவு

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட ‘தொன்மங்கள்’ நூலின் முதற்கட்டுரை தொழில்முறை மற்போர் பற்றியது. மற்போரை விளையாட்டாகக் கருதாமல் காட்சியாகக் கருத வேண்டும் என்பது அவர் கருத்து. குத்துச்சண்டையில் பார்வையாளரின் ஆர்வம் முடிவை நோக்கிச் செல்கிறது. மற்போரில் ஒவ்வொரு கணமும் தன்னளவில் பொருள் தந்து நிறைவுறுகிறது என அவர் வேறுபடுத்துகிறார். மற்போரில் இணைகளை அமைப்பவரே முடிவையும் எழுதுகிறார். அவர் ஒரு வகையில் நாடகாசிரியர். குத்துச்சண்டையில் அவர் முடிவை எழுத இயலாது. ஆனால் முடிவுக்கான வாய்ப்புகளை எழுதுகிறார்.

இவ்விரு துறைகளும் மோதியபோது நிகழ்ந்தது நினைக்கத்தக்கது. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் முகமது அலியும் ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கியும் மோதினர். மல்லரின் பல உத்திகளை முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்ட விதிகள் கட்டுப்படுத்தின. இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் கிடந்தபடியே அலியின் கால்களை உதைத்தார். 15 சுற்றுகளும் முடிந்து போட்டி சமனானது. மேடையில் நடந்தது, பேச்சுவார்த்தை மேசையில் முன்பே முடிந்திருந்தது.

படத்தில் கபிலன்–வேம்புலி முதற்போட்டியின் முடிவும் மேடைக்கு வெளியேதான் எழுதப்படுகிறது. கபிலன் வெல்லும் நிலையில் தணிகையின் ஆட்கள் போட்டியைக் குலைத்து, மேடையிலேயே அவன் ஆடையைக் களைகின்றனர். போட்டி குறிக்கும் அதிகாரம் தம் கைவிட்டுப் போகும்போது, போட்டியைக் கலைக்கும் அதிகாரத்தைச் சாதி கையிலெடுக்கிறது. மேடையின் விதிகள் கபிலனைச் சமமான எதிராளியாக ஏற்ற அக்கணத்திலேயே, மேடைக்கு வெளியிலுள்ள விதிகள் அவனை அம்மணமாக்குகின்றன. இக்காட்சியின் கொடுமையைப் படம் எவ்விதச் சமரசமுமின்றிப் பதிவுசெய்கிறது.

இதே கட்டத்தில் அரசும் நுழைகிறது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டதை ஒட்டி, அக்கட்சியைச் சார்ந்த ரங்கன் சிறைப்படுகிறார். இதனோடு 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் நடந்த அலி–போர்மன் போட்டியை ஒப்பிடலாம். டான் கிங் இருவருக்கும் தலா 50 இலட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தம் பெற்று, பின்னரே அப்பணத்தைத் தேடினார். சயீர் நாட்டின் மொபுட்டு அரசு அதற்கு முன்வந்தது. அமெரிக்கப் பார்வையாளர்களின் வசதிக்காகப் போட்டி விடியலுக்கு முன் நடத்தப்பட்டது. அங்கே அரசு போட்டியை வாங்கித் தன் புகழுக்குப் பயன்படுத்தியது. இங்கே அரசின் கை போட்டிக்குப் பின்னாலிருந்த சமூக ஏற்பாட்டையே சிதைத்தது. இரண்டிடத்தும் சண்டையிட்டவர்கள் அம்முடிவுகளில் பங்கு பெறவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: கின்ஷாசாவில் அவர்களின் விலை எழுத்தில் இருந்தது.

மானத்தின் நலன்முரண்

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முகமது அலி பெயரில் இயற்றப்பட்ட குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், வீரரின் மேலாளரும் போட்டி அமைப்பாளரும் ஒருவர் மற்றவரது தொழிலில் பொருளியல் நலன் கொள்வதைத் தடைசெய்கிறது. வீரரைக் காப்பவரும் போட்டியால் பயன்பெறுபவரும் ஒருவராக இருக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். இவ்வளவுகோலின்படி ரங்கன் பயிற்சியாளர், மேலாளர், அமைப்பாளர் ஆகிய மூன்றும் ஒருங்கே ஆனவர்.

இவ்வொப்பீட்டை எதிர்த்து ஒரு வலுவான வாதம் உண்டு. ரங்கன் போட்டியால் பணம் ஈட்டுபவராகக் காட்டப்படவில்லை. பரம்பரை வணிக நிறுவனமன்று. சமூகம் மானத்தை மறுத்த மக்களுக்கு மேடையில் கிடைக்கும் மானம், பணத்தினும் மெய்யான ஈட்டம். வணிகச் சட்டத்தின் அளவுகோலால் அதை அளப்பது அவ்வாழ்வின் பொருளையே இழப்பதாகும். இவ்வாதம் ஏற்கத்தக்கது, படத்தின் உணர்ச்சி வலிமை இதில்தான் உள்ளது. ஆனால் மானம் மெய்யான ஈட்டமெனில், அதைப் பகிர்வதிலும் நீதி வேண்டும். வென்றால் அம்மானம் பரம்பரைக்கும் வாத்தியாருக்கும் வீரனுக்கும் பொதுவாகிறது. தோற்றாலோ போட்டி குலைந்தாலோ, உடைந்த உடலும் களையப்பட்ட ஆடையும் வீரனுக்கு மட்டுமே உரியவையாகின்றன. பணமின்மை நலன்முரணை நீக்குவதில்லை. அதைக் கண்ணுக்குத் தெரியாததாக்குகிறது. பரிசுத்தொகை எவ்வளவு, அது எவ்வாறு பகிரப்பட்டது என்பன படத்தில் கதையை நகர்த்தும் செய்திகளாக அமையாமைக்கும் இதுவே காரணம்.

இக்கணக்கைப் படத்தில் வைத்திருப்பவர் கபிலனின் தாய் பாக்கியம். குத்துச்சண்டை வீரனாக இருந்து அடிதடியில் இறங்கி உயிரிழந்த கணவனின் முடிவை அறிந்தவள் அவள். மகன் மேடையேறுவதை அவள் எதிர்ப்பதைத் தாயின் அச்சமாகவே கதை கையாள்கிறது. ஆயினும் வஞ்சினம் உரைத்தவர்கள் எவரும் கேளாத கேள்வியை அவளே கேட்கிறாள். போட்டி முடிந்த பிறகு அவ்வுடலுக்குப் பொறுப்பு யார் என்பதே அக்கேள்வியின் சாரம். சாராயத் தொழிலிலும் குடியிலும் கபிலன் சீரழியும் பிற்பகுதி அவளது அச்சத்தை மெய்ப்பிக்கிறது. கபிலனின் மனைவி மாரியம்மாவும் அச்சீரழிவின் சுமையைத் தாங்குகிறாள். போட்டி குறிக்கும் இடத்தில் இடம்பெறாத இவ்விரு பெண்களே அதன் பின்விளைவை ஏற்கின்றனர்.

இறுதியில் கபிலன் பீடி ராயப்பனிடம் மீண்டும் பயின்று வேம்புலியை வெல்கிறான். வீழ்ச்சி, தவம், மீட்சி, வெற்றி என்னும் இவ்வொழுங்கு பார்த் விளக்கிய மற்போர்க் காட்சிக்கு மிக நெருங்கியது. நீதி வழங்கப்பட வேண்டும் என்னும் பார்வையாளரின் வேட்கையை அது முழுமையாக நிறைவுசெய்கிறது. அந்நிறைவிலேயே படத்தின் குறையும் உள்ளது. வஞ்சினம் நிறைவேறியதால், அதைப் பிறர் உடலைக் கொண்டு உரைத்தது சரியா என்னும் வினா எழ இடமின்றிப் போகிறது. குத்துச்சண்டைக் கதையைத் தொடங்கிய படம், தானே ஒரு மற்போர் நாடகாசிரியராகி அதை முடித்துவைக்கிறது.

நிறைவுரை

போட்டி குறிக்கும் உரிமை பற்றிய இவ்வினா கடந்தகாலத்திற்கு மட்டும் உரியதன்று. கலப்புச் சண்டைக் கலை நிறுவனமான யுஎஃப்சியும் மற்போர் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயும் 2023 செப்டம்பரில் டிகேஓ என்னும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. முடிவு எழுதப்படாத சண்டையும் எழுதப்பட்ட சண்டையும் இன்று ஒரே கூரையின் கீழ் விற்கப்படுகின்றன. 2000ஆம் ஆண்டுச் சட்டம் குத்துச்சண்டைக்கே உரியதாகையால், கலப்புச் சண்டை வீரர்களுக்கு அது காப்பளிப்பதில்லை. தரவரிசை, பட்டம், இணை ஆகிய மூன்றையும் முடிவுசெய்யும் நிறுவனத்தின் மீது முன்னாள் வீரர்கள் 2014இல் தொடுத்த வழக்கு, 37.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அவ்வீரர்கள் தம் விலையைக் கேட்டது நிறுவனத்திடம். ஆகவே கேட்க முடிந்தது. அன்பும் மானமும் கலந்த வாத்தியாரிடம் அதைக் கேட்பது அரிது.

‘சார்பட்டா பரம்பரை’ சாதியும் அரசும் ஒரு வீரனின் மேடையை எவ்வாறு பறிக்கின்றன என்பதைத் தமிழ்த் திரையில் அழுத்தமாக நிறுவியது. தன் மேடையை அவனே குறித்துக்கொள்ளும் உரிமை பற்றி, கபிலன் ராமனை எதிர்த்து நின்ற ஒரு காட்சியில் மட்டும் பேசியது. தமிழில் இனி எழுதப்படும் விளையாட்டுப் புனைவுகளையும் படங்களையும் வாசிக்கும் திறனாய்வு, களத்தில் நிகழும் வெற்றி தோல்விகளுடன், களத்திற்கு முன் சொல்லப்பட்ட சொல்லையும் கணக்கில் கொள்ள வேண்டும். அச்சொல் எவருடையது, அதற்கு அடி ஏற்றவர் யார் என்று கேட்பது வீரத்தைக் குறைப்பதாகாது; அவ்வீரத்திற்கு உரியவரை அடையாளம் காண்பதாகும்.